கொட்டஸ் (மீன் பேரினம்)

கொட்டஸ் என்பது ஸ்கல்பின் எனப்படும் மீன்களின் கொட்டிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் ஆகும். இப்பேரினத்து மீன்கள் சிறியவை. பெரும்பாலும் நன்னீரின் அடித்தளத்தில் வாழ்பவை. ஐரோப்பா, ஆசியாவின் வட பகுதி, வட அமெரிக்கா ஆகிய நிலப்பரப்புகளின் குளிர்ந்த ஓடைகள், ஆறுகள், ஏரிகள், ஊற்றுகள் ஆகியவற்றில் இவை காணப்படுகின்றன. 60-க்கும் மேற்பட்ட இனங்கள் அறிவியலாளர்களால் ஏற்கப்பட்டுள்ளன. பெரும்பாலான இனங்களின் நீளம் 5 முதல் 15 செ.மீ. வரையே இருக்கும்.

பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்து, இரவில் வெளிவந்து இரை தேடி, பிறந்த இடத்தை விட்டு அதிகத் தொலைவு செல்லாமல் வாழ்வது இம்மீன்களின் பொதுவான இயல்பு. இந்த ஓரிட வாழ்வே இவற்றைப் பல இனங்களாகப் பிரித்திருக்கிறது. ஓர் ஊற்றோ ஒரு சிற்றாறோ கெட்டால் ஓர் இனமே இல்லாமல் போகும் நிலைக்கும் அதுவே காரணமாக உள்ளது.

பெயர்

கொட்டஸ் என்ற பேரினப் பெயரைக் கார்ல் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டு வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் வழங்கினார். ஆற்று மீன் ஒன்றைக் குறிக்கப் பண்டைய கிரேக்கர்கள் பயன்படுத்திய 'கொட்டோஸ்' என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஐரோப்பாவில் வாழும் கொட்டஸ் கோபியோ இப்பேரினத்தின் மாதிரி இனம் ஆகும்.

வட அமெரிக்காவில் இம்மீன்களை ஸ்கல்பின் என்பர். பிரிட்டனில் 'புல்ஹெட்', அதாவது காளைத்தலை, என்று அழைக்கின்றனர். அங்கு 'மில்லர்ஸ் தம்ப்' என்ற பழைய பெயரும் உண்டு. மாவு ஆலைக்காரரின் கட்டைவிரல் என்பது அதன் பொருள். அரைத்த மாவின் பதத்தை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தே ஆலைக்காரரின் கட்டைவிரல் தட்டையாகிவிடும் என்றும், அந்த விரலைப் போல இம்மீனின் தலை அகன்று தட்டையாக இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது என்றும் கூறுவர். ஜெர்மன் மொழியில் கொப்பே, பிரெஞ்சு மொழியில் ஷாபோ, ஜப்பானிய மொழியில் கஜிகா என்பன இவற்றின் பெயர்கள்.

உடலமைப்பு

கொட்டஸ் மீனின் தலை, உடலின் பிற பகுதிகளோடு ஒப்பிடும்போது மிகப் பெரியது. அகன்று, மேலிருந்து அழுத்தியது போல் தட்டையாக இருக்கும். உடல் தலையிலிருந்து வாலை நோக்கிக் குறுகிச் செல்லும். வாய் அகலமானது. கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், தரையில் படுத்தபடியே மேலே நடப்பதைக் காண முடிகிறது.

பெரும்பாலான மீன்களில் காணப்படும் செதில்கள் இவற்றில் இல்லை. தோல் வழுவழுப்பாக இருக்கும். சில இனங்களில் மட்டும் தோலில் சொரசொரப்பான நுண்முட்கள் காணப்படும். செவுள் மூடியின் முன்பகுதியில் சிறிய முட்கள் உள்ளன. முதுகுத் துடுப்புகள் இரண்டு. முன்னது குட்டையானது, மெல்லிய முட்களால் ஆனது. பின்னது நீளமானது, மென்மையான கதிர்களால் ஆனது. மார்புத் துடுப்புகள் விசிறி போல் விரிந்திருக்கும்.

பழுப்பு, சாம்பல், கரும்பச்சை நிறங்களில் திட்டுத்திட்டாக அமைந்த உடல் நிறம், கூழாங்கற்களும் பாசியும் கலந்த ஆற்றடியோடு ஒன்றிப்போகும். அசையாமல் கிடக்கும் மீனை அருகில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிப்பது கடினம்.

இம்மீன்களில் காற்றுப்பை கிடையாது. பல மீன்களுக்கு நீரில் மிதந்து நிற்க உதவும் உறுப்பு இது. காற்றுப்பை இல்லாததால் கொட்டஸ் மீன் நீந்துவதை நிறுத்தியதும் தரையில் அமர்ந்துவிடும். நடு நீரில் வாழும் மீனுக்கு இது ஒரு குறை. வேகமாக ஓடும் ஓடையின் அடியில் வாழும் மீனுக்கோ இதுவே வசதி. நீரோட்டம் தூக்கிச் செல்லாதபடி உடல் கனமாகத் தரையோடு படிகிறது. அகன்ற மார்புத் துடுப்புகளைச் சாய்த்து வைக்கும்போது ஓடும் நீர் மீனைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இதனால் அதிக ஆற்றலைச் செலவிடாமல் ஒரே இடத்தில் நிலைத்திருக்க முடிகிறது. இடம் மாற வேண்டுமானால் தரையை ஒட்டிச் சிறு சிறு பாய்ச்சல்களாகச் செல்லும். நீண்ட தூரம் தொடர்ந்து நீந்தும் திறன் இவற்றுக்குக் குறைவு.

தோற்றத்தில் இவை உளுவை மீன்களை ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. உளுவைகளில் இடுப்புத் துடுப்புகள் பொதுவாக ஒன்றிணைந்து கிண்ணம் போல் இருக்கும். கொட்டஸ் மீன்களில் அவை தனித்தனியாக இருக்கும்.

வாழிடம்

குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த நீரையே பெரும்பாலான இனங்கள் நாடுகின்றன. மலையடிவார ஓடைகளும் ஊற்று நீரால் ஊட்டப்படும் சிற்றாறுகளும் இவற்றுக்கு ஏற்றவை. சில இனங்கள் பெரிய ஏரிகளின் ஆழத்திலும், சில நிலத்தடிக் குகைகளின் ஓடைகளிலும் வாழ்கின்றன.

இவ்வாழிடங்கள் அனைத்திலும் பொதுவாகத் தேவைப்படுவது கற்களுக்கிடையே உள்ள இடைவெளி. பகலில் மறைந்திருக்கவும், நாரை, மீன்கொத்தி, நீர்நாய், டிரவுட் மீன் போன்ற வேட்டையாடிகளிடமிருந்து தப்பவும், முட்டையிடவும் அந்த இடைவெளியே பயன்படுகிறது. வண்டல் படிந்து கற்களின் இடைவெளி அடைபட்டுவிட்டால், நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் கொட்டஸ் மீனுக்கு உதவாது.

உணவும் வேட்டையும்

கொட்டஸ் மீன்கள் ஊனுண்ணிகள். ஓடையின் அடியில் வாழும் பூச்சிகளின் இளம் பருவங்கள், சிறிய ஓடுடைய கணுக்காலிகள், புழுக்கள், நத்தைகள் ஆகியவை முக்கிய உணவு. வாய்ப்புக் கிடைத்தால் பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும். இவை இரையைத் துரத்திச் செல்வதைவிட, பதுங்கியிருந்து அருகில் வரும்போது பாய்ந்து விழுங்குவதே வழக்கம்.

இருளில் இரை தேடுவதற்குப் பக்கக்கோட்டு உணர்வுறுப்பு துணை செய்கிறது. தலையிலும் உடலின் பக்கங்களிலும் அமைந்துள்ள இவ்வுறுப்பு நீரின் மிக நுண்ணிய அசைவுகளை உணரக்கூடியது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் வாழும் கொட்டஸ் பெய்ர்டி என்ற இனத்தைக் கொண்டு ஜான் ஜான்சன், ஷெரில் கூம்ப்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தனர். பார்வை இல்லாத நிலையிலும் இம்மீன், நீரில் அதிரும் ஒரு சிறு உருண்டையை நோக்கித் திரும்பி, படிப்படியாக நெருங்கி, சரியாகத் தாக்கியது. மீன்கள் நீரசைவுகளை எவ்வாறு உணர்கின்றன என்பதைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றில் ஒரு பகுதி இந்தச் சிறு மீன் வழியாகக் கிடைத்ததாகும்.

இனப்பெருக்கம்

பெரும்பாலான இனங்கள் குளிர்காலம் முடிந்து நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கும் காலத்தில் இனப்பெருக்கம் செய்கின்றன. இதில் ஆண் மீனின் பங்கு பெரியது.

ஆண் மீன் ஒரு தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியிலுள்ள மணலையும் சரளையையும் நீக்கிச் சிறு குழியாக்கும். இக்காலத்தில் பல இனங்களின் ஆண்கள் கருநிறம் கொள்கின்றன. வேறோர் ஆண் நெருங்கினால் வாயைத் திறந்தும் செவுள் மூடிகளை விரித்தும் அச்சுறுத்தும். தலையை அசைத்துத் தட்டுவது போன்ற ஒலியும் எழுப்பும்.

பெண் மீன் அக்குழிக்குள் நுழைந்து, தலைகீழாகத் திரும்பி, கல்லின் அடிப்பரப்பில் முட்டைகளை ஒட்டவைக்கும். வீட்டின் கூரையில் முட்டை கொத்தாகத் தொங்குவது போல் அது அமையும். முட்டையிட்ட பின் பெண் சென்றுவிடும். ஒரே ஆணின் கல்லுக்கு அடியில் பல பெண்கள் அடுத்தடுத்து முட்டையிடுவதும் உண்டு. பெரிய உடலுடைய ஆண்களுக்குப் பெரிய கற்கள் வாய்ப்பதும், அவற்றிடம் அதிக முட்டைகள் சேர்வதும் இயல்பு.

அதன் பிறகு முட்டைகள் பொரியும் வரை ஆண் அங்கேயே இருந்து காவல் காக்கும். மார்புத் துடுப்புகளால் விசிறிப் புதிய நீரை முட்டைகளின் மீது செலுத்தும். இதனால் முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்கிறது. வண்டல் படிவதும் பூஞ்சை பற்றுவதும் குறைகின்றன. கொட்டஸ் கோபியோவில் முட்டைகள் பொரிய நீரின் வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். அவ்வளவு காலமும் ஆண் தாராளமாக வெளியே சென்று இரை தேட முடிவதில்லை. பசியால் தான் காக்கும் முட்டைகளில் சிலவற்றைத் தானே உண்பதும் பதிவாகியுள்ளது. சிலவற்றை இழந்தாலும் மற்றவற்றைக் காக்கும் வலிமை தந்தைக்கு மிஞ்சுவதால் இப்பழக்கம் நிலைத்திருக்கலாம் என்று விளக்கப்படுகிறது.

பல இனங்களில் பொரித்து வரும் குஞ்சுகள் உடனே அடித்தள வாழ்வைத் தொடங்குகின்றன. இவை நீரோட்டத்தில் வெகுதூரம் அடித்துச் செல்லப்படுவதில்லை. சில இனங்கள் இதற்கு விலக்கு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் வாழும் கொட்டஸ் ஆஸ்பர் இனத்தின் குஞ்சுகள் சிலகாலம் நீரில் மிதந்து திரிந்த பிறகே அடித்தளத்தில் தங்குகின்றன. இந்த இனம் கழிமுக நீரையும் தாங்கக்கூடியது. 30 செ.மீ. வரை வளரும் இதுவே இப்பேரினத்தின் பெரிய இனங்களுள் ஒன்று. ஜப்பானின் கஜிகா மீன்களில் பெரிய முட்டையிடும் வகையும் சிறிய முட்டையிடும் வகையும் உண்டு. பெரிய முட்டையிலிருந்து வருபவை ஆற்றிலேயே தங்குகின்றன. சிறிய முட்டையிலிருந்து வருபவை கடலுக்குச் சென்று வளர்ந்து, பின்னர் ஆற்றுக்குத் திரும்புகின்றன.

பரவலும் இனப்பிரிவும்

ஸ்கல்பின் கூட்டத்தில் பெரும்பாலான இனங்கள் கடலில் வாழ்பவை. நன்னீருக்குள் வந்து நிலைத்த கிளைகளில் கொட்டஸ் முக்கியமானது. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் மட்டுமே வாழும் 30-க்கும் மேற்பட்ட ஸ்கல்பின் இனங்கள், கொட்டஸை ஒத்த ஒரு மூதாதையிடமிருந்து தோன்றியவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அவை தனிப் பேரினங்களில் வைக்கப்பட்டுள்ளன.

ஓரிடத்திலேயே தங்கும் மீன், மலைத்தொடரோ அருவியோ கடலோ இடையில் வந்தால் அடுத்த ஆற்றில் வாழும் தன் இனத்தோடு கலப்பதில்லை. பனி யுகங்களின்போது பனிப்பாறைகள் முன்னேறியும் பின்வாங்கியும் ஆறுகளின் பாதைகளை மாற்றின. அவ்வாறு பிரிந்த கூட்டங்கள் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் தனித்து வாழ்ந்து வேறுபட்டன. வெளித்தோற்றத்தில் அவை ஒன்றுபோல் இருந்ததால் வேறுபாடு நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை.

ஐரோப்பா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்டத்தின் பெரும்பகுதியில் இருப்பது கொட்டஸ் கோபியோ என்ற ஒரே இனம் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. 2005-ஆம் ஆண்டு யோர்க் ஃப்ரைஹோஃப், மோரிஸ் கொட்டெலா, ஆர்னே நோல்ட்டே ஆகியோர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒருசேர ஆராய்ந்து, எட்டுப் புதிய இனங்களை விவரித்தனர். ரைன் ஆற்றுப் பகுதியின் கொட்டஸ் ரெனானஸ், ஷெல்ட் ஆற்றுப் பகுதியின் கொட்டஸ் பெரிஃப்ரீட்டம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவ்விரு இனங்களைச் சார்ந்த ஒரு நிகழ்வும் அதே ஆண்டில் வெளியானது. கீழ் ரைன் ஆற்றின் அகன்ற, வெப்பமான, கலங்கிய பகுதிகளில், முன்பு ஸ்கல்பின்கள் வாழாத இடங்களில், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கல்பின்கள் வேகமாகப் பெருகின. நோல்ட்டேயும் அவருடைய குழுவினரும் அவற்றை ஆராய்ந்தபோது, அவை மேற்கூறிய இரு மரபுகளும் கலந்து உருவான கலப்பின வழித்தோன்றல்கள் என்று தெரியவந்தது. பிரிந்திருந்த ஆறுகளைக் கால்வாய்கள் இணைத்ததால், தனித்தனியே இருந்த மரபுகள் சந்திக்க நேர்ந்தன. பெற்றோர் இனங்கள் இரண்டும் நாடாத பெரிய ஆற்றில் வாழும் தகுதி அந்தக் கலப்பினத்துக்கு இருந்தது. கலப்பினம் புதிய சூழலுக்குத் தகவமைவதற்கு இது அடிக்கடி சுட்டப்படும் சான்று.

குறிப்பிடத்தக்க சில இனங்கள்

கொட்டஸ் காக்னேட்டஸ்: வட அமெரிக்காவின் வட பகுதியில் மிகப் பரவலாக வாழும் இனம். பெரிங் நீரிணைக்கு அப்பால் சைபீரியாவின் கிழக்கு ஓரத்திலும் காணப்படுகிறது.

கொட்டஸ் பெட்டிட்டி: தெற்கு பிரான்சில் மோன்பெலியே நகருக்கு அருகே ஓடும் லெஸ் என்ற சிற்றாற்றின் மேற்பகுதியில், சில கிலோமீட்டர் நீளத்தில் மட்டுமே வாழும் அகணிய இனம். 1964-இல் விவரிக்கப்பட்டது. அதே ஆற்றின் ஊற்றிலிருந்துதான் மோன்பெலியே நகருக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது.

கொட்டஸ் பாலஸ்: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அனிஸ்டன் நகருக்கு அருகிலுள்ள கோல்ட்வாட்டர் ஊற்றிலும் அதிலிருந்து ஓடும் நீரிலும் மட்டும் வாழும் மிகச் சிறிய இனம். முழு வளர்ச்சியடைந்த மீனின் நீளம் ஏறத்தாழ 4.5 செ.மீ. இந்த ஊற்று அனிஸ்டன் நகரின் குடிநீர் ஆதாரமும் ஆகும். 1989-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

கொட்டஸ் ஸ்பீகஸ்: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பெர்ரி கவுண்டியின் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் வாழும் இனம். வெளிறிய நிறமும் சிறுத்த கண்களும் உடையது. இனப்பெயருக்குக் குகை என்பது பொருள். 2013-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதே ஆண்டு அருகிய இனமாகவும் அறிவிக்கப்பட்டது.

கொட்டஸ் எக்கினேட்டஸ்: யூட்டா மாநிலத்தின் யூட்டா ஏரியில் வாழ்ந்து அற்றுப்போன இனம்.

மனிதரும் கொட்டஸ் மீன்களும்

அளவில் சிறியதாக இருப்பதால் இம்மீன்களுக்குப் பெரிய வணிக மதிப்பு இல்லை. ஜப்பானில் கஜிகா மீன் உணவாகக் கொள்ளப்படுகிறது. டிரவுட் மீன்கள் ஸ்கல்பின்களை விரும்பி உண்பதால், தூண்டில்காரர்கள் இறகும் மயிரும் கட்டி ஸ்கல்பின் வடிவில் செயற்கை இரை செய்வதுண்டு. உலகெங்கும் அறியப்பட்ட 'மட்லர் மின்னோ' என்ற செயற்கை இரையை 1930-களில் டான் கேப்பன் என்பவர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் நிபிகன் ஆற்றில், அங்குள்ள ஸ்கல்பின்களைப் போலச் செய்தார்.

நீண்ட காலம் டிரவுட், சால்மன் மீன்களின் முட்டைகளைத் தின்று அழிப்பவை என்று இவை பழிக்கப்பட்டன. இவை மீன் முட்டைகளை உண்பது உண்மை. ஆயினும் சால்மன் குடும்ப மீன்கள் சரளைக்குள் புதைத்து வைக்கும் முட்டைகளை எளிதில் எட்ட முடியாது. நீரோட்டத்தில் தப்பி வெளியே கிடக்கும் முட்டைகளே இவற்றுக்கு அதிகம் கிடைக்கின்றன.

ஆற்று நீரின் நலத்தை அறியவும் இவை உதவுகின்றன. தொலைவுகளுக்கு இடம்பெயரும் மீனின் உடலில் ஒரு நச்சுப்பொருள் இருந்தால், அது எந்த இடத்தில் சேர்ந்தது என்று கூறுவது கடினம். ஒரே இடத்தில் வாழும் ஸ்கல்பினின் உடல்நிலை அந்த இடத்தின் நிலையையே காட்டும். கனடாவில் சுரங்கங்கள், ஆலைகள், விளைநிலங்கள் ஆகியவற்றின் கழிவு ஆறுகளை எவ்வாறு பாதிக்கிறது என்று கண்காணிக்க கொட்டஸ் காக்னேட்டஸ் இனம் காவல் இனமாகப் பயன்படுத்தப்படுகிறது.

அச்சுறுத்தல்கள்

தடுப்பணைகள்: நீந்துவதிலும் தாவுவதிலும் வலுவில்லாத இம்மீன்களுக்கு மிகச் சிறிய தடையும் பெருந்தடையாகிறது. ஏறத்தாழ 20 செ.மீ. உயரமுள்ள செங்குத்தான படிக்கட்டே கொட்டஸ் கோபியோ மேல்நோக்கிச் செல்வதைத் தடுக்கப் போதுமானது என்று ஆய்வுகள் கூறுகின்றன. அது ஒரு சாண் அளவுக்குச் சற்றே குறைவான உயரம். சால்மனும் டிரவுட்டும் எளிதாகத் தாவும் அத்தகைய படிகள் ஐரோப்பிய ஓடைகளில் ஏராளம். வெள்ளமோ மாசோ ஒரு பகுதியின் மீன்களைக் கொன்றுவிட்டால், கீழே வாழும் மீன்கள் மேலேறி வந்து அந்த இடத்தை மீண்டும் நிரப்ப முடியாமல் போகிறது.

வண்டலும் மாசும்: காடழிப்பு, உழவு, கட்டுமானம் ஆகியவற்றால் ஆற்றில் சேரும் வண்டல் கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. பெர்ரி கவுண்டியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து நிலம் உள்வாங்கிய பள்ளங்கள் பல உள்ளன. நெடுங்காலம் அவை குப்பை கொட்டும் இடங்களாக இருந்தன. அங்கிருந்தும் வயல்களிலிருந்தும் வடியும் நீர், இடையில் வடிகட்டப்படாமல் நேரே குகை ஓடைகளை அடைகிறது. இதனால் குகையின் மீன்கள் கூட்டமாக இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

வேற்றிட மீன்கள்: கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த ஓர் உளுவை இனம் கப்பல்களின் நிலைப்பு நீரோடு வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் காணப்பட்ட அது விரைவில் பரவியது. அதுவும் கல்லடியில் முட்டையிடும் மீன். மிச்சிகன் ஏரியின் தென்கோடியிலுள்ள கேலுமெட் துறைமுகத்தில் கொட்டஸ் பெய்ர்டி ஆண்கள் தம் கற்களை அதனிடம் இழந்தன. முட்டையிட இடமில்லாமல் புதிய தலைமுறை தோன்றாது போய், அங்கு அந்த இனம் சரிந்தது. ரைன் ஆற்றிலும் இத்தகைய உளுவைகள் பெருகியுள்ளன.

நீர் எடுத்தலும் வெப்பமும்: ஊற்று நீரை அளவுக்கு மீறி எடுத்தால் ஓடையின் ஓட்டம் குறைகிறது; நீர் வெப்பமடைகிறது. குளிர்நீரில் வாழப் பழகிய மீன் மேல்நோக்கி நகர்ந்தே குளிர்ச்சியைத் தேட முடியும். வழியில் ஒரு தடுப்பணை இருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. ஓர் ஊற்றை மட்டுமே நம்பி வாழும் கொட்டஸ் பாலஸ் போன்ற இனத்துக்குச் செல்வதற்கு வேறிடமே இல்லை.

அற்றுப்போன ஓர் இனம்

யூட்டா ஏரியின் கொட்டஸ் எக்கினேட்டஸ் இந்த ஆபத்தின் முழு அளவைக் காட்டுகிறது. அந்த ஏரியில் இம்மீன் கடைசியாகப் பிடிக்கப்பட்டது 1928-இல். அதன் பின் 1930-களில் கடும் வறட்சி வந்தது. பாசனத்துக்கும் நீர் எடுக்கப்பட்டதால் ஏரி வெகுவாக வற்றியது. நீரின் தரமும் கெட்டது. ரீவ் பெய்லி, கார்ல் பாண்ட் ஆகிய இருவரும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த மீன்களை ஆராய்ந்து, அது தனி இனம் என்று பெயரிட்டது 1963-இல். அப்போது உயிருள்ள மீன் ஒன்றேனும் கண்ணில் பட்டு 35 ஆண்டுகள் கடந்திருந்தன. ஓர் இனம் இருந்தது என்பதே அது மறைந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

ஒரே கட்டுரையில் அவர்கள் விவரித்த மற்றோர் இனமான கொட்டஸ் எக்ஸ்டென்சஸ், யூட்டா-ஐடஹோ எல்லையிலுள்ள பேர் ஏரியில் இன்றும் வாழ்கிறது. அதுவும் அந்த ஒரே ஏரியின் அகணிய இனமாகும்.

பாதுகாப்பு

கொட்டஸ் கோபியோ ஐரோப்பாவில் பரவலாக வாழ்வதால் ஒட்டுமொத்தமாக அருகிய இனமாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் 1992-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய வாழிட ஆணையின் இரண்டாம் இணைப்பில் அதன் பெயர் இடம்பெற்றுள்ளது. இதன்படி உறுப்பு நாடுகள் அதன் வாழிடங்களுக்கெனப் பாதுகாப்புப் பகுதிகளை ஒதுக்க வேண்டும். கொட்டஸ் பெட்டிட்டியும் அப்பட்டியலில் உள்ளது.

நடைமுறையில் பயன் தரும் பணிகள் எளியவை. பயனற்றுப்போன தடுப்பணைகளை அகற்றுதல், அகற்ற முடியாதவற்றின் கீழே பெருங்கற்களை அடுக்கிச் செங்குத்தான படியைச் சாய்தளமாக மாற்றுதல், கரையோர மரங்களைக் காத்து ஓடைக்கு நிழல் தருதல், ஆற்றின் அடிக்கற்களை அள்ளாமல் விடுதல் ஆகியவை அவற்றுள் சில. மீன்வழிகளை அமைக்கும்போது தாவும் மீன்களை மட்டும் கருத்தில் கொள்ளாமல், தரையோடு ஊர்ந்து செல்லும் ஸ்கல்பின்களும் ஏறக்கூடியவாறு அடித்தளத்தில் கற்களைப் பதிக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

பெர்ரி கவுண்டியில் குகை மீன் அருகிய இனமாக அறிவிக்கப்பட இருந்தபோது, நிலப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வரும் என்று உள்ளூர் மக்களும் உழவர்களும் கவலை கொண்டனர். அவர்கள் தாங்களாகவே ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தனர். நிலப்பள்ளங்களைத் தூய்மையாக வைத்திருப்பதும், அவற்றைச் சுற்றிப் புல்வெளி வளர்த்து வயல்நீரை வடிகட்டுவதும் இத்தகைய முயற்சிகளின் மையம். இத்திட்டத்தை ஏற்ற அரசு, இனத்துக்குப் பாதுகாப்பு அளித்தபோதும், அப்பகுதியை முக்கிய வாழிடமாக அறிவித்துத் தனிக் கட்டுப்பாடு விதிப்பதைத் தவிர்த்தது. பள்ளத்தில் இறங்கும் நீரே அவ்வூர்க் கிணறுகளையும் சேர்கிறது. எனவே மீனுக்காகச் செய்யும் தூய்மை மக்களுக்கும் பயன்படுகிறது.

அனிஸ்டன் நகரின் ஊற்றுக்கும் மோன்பெலியே நகரின் லெஸ் ஆற்றுக்கும் இதுவே பொருந்தும். ஒரு விரல் நீளமுள்ள மீன் எந்த நீரில் தங்கி வாழ்கிறதோ அந்த நீரையே ஒரு நகரமும் குடிக்கிறது. அந்த மீன் வேறிடம் செல்ல முடியாதது. ஆகவே கொட்டஸ் மீன்கள் ஓர் ஓடையில் தொடர்ந்து வாழ்கின்றன என்பது, அங்கு கற்கள் வண்டலால் மூடப்படவில்லை, நீர் குளிர்ச்சியும் தூய்மையும் இழக்கவில்லை என்பதற்கு நம்பத்தக்க அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.